மூன்று கட்டத்துக்கு ஒரு சம்பளம்

பெங்களூர் மகாத்மா காந்தி சாலையை ஒட்டிய மிட்ஃபோர்ட் கார்டன் என்னும் சிறு தெருவில், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடையே, 2007-ஆம் ஆண்டு முதல் ஒரு காட்சிக்கூடம் இயங்கி வருகிறது. கார்ட்டூனிஸ்ட் வி.ஜி. நரேந்திராவின் விடாமுயற்சியால் 2001-ல் தோன்றிய இந்திய கார்ட்டூனிஸ்டுகள் கழகம் நடத்தும் இக்கூடத்தில், இறந்தவர் இருப்பவர் என்ற பேதமின்றி, இந்தியக் கேலிச்சித்திரக்காரர்களின் படங்கள் சட்டமிட்டு மாட்டப்படுகின்றன. கண்காட்சிகளும் பரிசளிப்புகளும் நடைபெறுகின்றன. கேலிச்சித்திரத்துக்கென்றே நிலையான ஓர் இடத்தை ஏற்படுத்திக் கொடுத்த பெருமை இந்நகருக்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெருமையை மனமார ஒப்புக்கொள்கிற எவருக்கும், படங்களைச் சுவரில் மாட்டி மரியாதை செய்யத் தெரிந்த இந்த ஊர், அவற்றை வரைகிறவருக்குப் பத்திரிகையில் நாள்தோறும் ஓர் இடத்தையும் மாதந்தோறும் ஒரு சம்பளத்தையும் கொடுக்கத் தயாராக இருக்கிறதா என்ற கேள்வியும் எழாமல் போகாது.

இங்கே விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றைப் பிரித்து, ராசிபலனும் குறுக்கெழுத்துப் புதிரும் வெளியாகும் பக்கத்தைப் பார்த்தால் விடை ஒருவாறு விளங்கிவிடும். பனிச்சறுக்கு விளையாடும் சிறுவர்கள், நன்றி செலுத்தும் நாளுக்கு வான்கோழி வாட்டும் தாய்மார்கள், லஸான்யா தின்று கொழுத்த பூனை என்று பெரும்பாலும் அமெரிக்கக் குடித்தனங்களே அங்கே குடியிருக்கின்றன. சில்க் போர்டு சந்திப்பில் விளக்கு பச்சையாவதற்குள் ஆபீசுக்கு மூன்று முறை பொய்க் காரணம் சொல்லி முடித்துவிடும் குமாஸ்தாவும், பத்து மாத அட்வான்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு போர்வெல் வற்றியதைப் பற்றி வாயே திறக்காத வீட்டுக்காரரும், தண்ணீர் லாரிக்காரனை அண்ணா என்றும் சார் என்றும் மாறி மாறி அழைக்கும் குடித்தனக்காரம்மாவும் இந்த நகரத்தில் பல்லாயிரக்கணக்கில் வாழ்ந்தாலும், தினசரியின் மூன்று கட்டங்களுக்குள் இடம் பிடிக்க அவர்களால் முடியவில்லை. இந்தக் குறைக்கு ரஸிகர்களையோ கலைஞர்களையோ குற்றம் சொல்வதில் பொருளில்லை. இது முற்றிலும் பத்திரிகை நிர்வாகத்தின் கணக்கு வழக்கைச் சார்ந்த விஷயம் என்பதும், அந்தக் கணக்கை வேறு விதமாகப் போடலாம் என்பதும், போட வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

இந்தக் கலைக்கு இந்தப் பூமி புதிதன்று. டாக்டர் எம். சிவராம் என்ற வைத்தியர், ராசி என்ற புனைபெயரில், 1942-ல் பெங்களூரில் தொடங்கிய ‘கொரவஞ்சி’ என்னும் கன்னட ஹாஸ்ய மாத இதழ் கால் நூற்றாண்டுக் காலம் வெளிவந்தது. மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1921-ல் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் இடம் மறுக்கப்பட்டு, மைசூரிலேயே கல்லூரிப் படிப்பை முடித்த ஆர்.கே. லக்ஷ்மண், பேர் பெறுவதற்கு முன்னால் வரைந்து பழகிய இடங்களில் அந்தக் ‘கொரவஞ்சி’யும் ஒன்று. 1932-ல் சங்கர் என்ற இளைஞரைக் கண்டெடுத்துத் தில்லிக்கு அழைத்துச் சென்று ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ பத்திரிகையில் கார்ட்டூனிஸ்டாக அமர்த்திய போத்தன் ஜோசப்தான், 1948-ல் பெங்களூரில் ‘டெக்கான் ஹெரால்டு’ தோன்றியபோது அதன் முதல் ஆசிரியராக வந்தார். பின்னாளில் அதே பத்திரிகையில் பி.வி. ராமமூர்த்தி வரைந்த ‘மிஸ்டர் சிட்டிசன்’ என்ற சாமானியரை இந்நகரத்துப் பழைய வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை. இவ்வரலாற்றில் கவனிக்கத் தக்க அம்சம் ஒன்று உண்டு. சங்கரும் லக்ஷ்மணும் ராமமூர்த்தியும் பத்திரிகை அலுவலகத்தில் தமக்கென்று ஒரு நாற்காலி பெற்றிருந்தவர்கள். தினந்தோறும் ஆபீசுக்குப் போய், அன்றைய நாளிதழ்களையெல்லாம் வாசித்து, யோசித்து, வரைந்து, மாதக் கடைசியில் சம்பளம் வாங்கியவர்கள். 1951-ல் லக்ஷ்மண் ஆரம்பித்த பாக்கெட் கார்ட்டூனில் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக வந்து வாய் திறவாமல் நின்ற அந்த மனிதர், அரை நூற்றாண்டுக்கு மேல் நம் வீடுகளுக்கு நாள் தவறாமல் வந்து போனதற்கு மேதைமை எவ்வளவு காரணமோ, அந்த நாற்காலியும் அவ்வளவு காரணம்.

தனிக் கேலிச்சித்திரம் ஒரு நாளைய சம்பவத்தைப் பற்றிக்கொண்டு அன்றே பேசி முடித்துவிடும். சித்திரத் தொடரின் தர்மம் வேறு. அதில் வரும் மனிதர்களை வாசகர் முதல் வாரத்தில் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் மாதத்தில் அடையாளம் கண்டுகொள்கிறார். இரண்டாம் வருஷத்தில் அவர்களை விசாரிக்க ஆரம்பிக்கிறார். இந்தச் சிநேகம் கனியும் வரைக்கும் சித்திரக்காரர் ஒரு நாள்கூடத் தவறாமல் வர வேண்டும்; அதுவரைக்கும் அவர் அடுப்பில் பூனை தூங்காமலும் இருக்க வேண்டும். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று சன்மானம் எண்ணிக் கொடுத்து, பிடித்த வாரம் போட்டு, விளம்பரம் வந்த வாரம் தூக்கிவிடும் ஏற்பாட்டில் தனிக் கேலிச்சித்திரம் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். சித்திரத் தொடர் பிழைக்காது.

அந்த உழைப்பு எத்தகையது என்பதையும் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. அச்சில் நான்கு விரற்கிடை அகலத்தில் வரும் கட்டத்தை, அதைப்போல் இரு மடங்கு பெரிதாகத் தடித்த அட்டையில் பென்சிலால் வரைந்துகொண்டு, பேச்சுக்கான இடத்தை முதலில் ஒதுக்கி, எழுத்தை எழுதி முடித்த பிறகே உருவங்களுக்கு இந்தியன் இங்க் தொடுவார்கள். ஏனென்றால் முகத்தை நுட்பமாகத் தீட்டிவிட்டுப் பேச்சுக்கு இடமில்லாமல் தவிப்பது இத்தொழிலில் கற்றுக்குட்டியின் லட்சணம். கோடு தவறினால் வெள்ளைச் சாயத்தால் மூடி அதன்மேல் மறுபடியும் இழுக்க வேண்டும். அச்சுக்கோத்த காலத்தில் அந்தப் படத்தைப் புகைப்படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து ‘பிளாக்’ ஆக்கினார்கள். சாம்பல் நிறச் சாயைகள் பத்திரிகைக் காகிதத்தில் அப்பிக்கொண்டு அழுக்காகத் தெரியும் என்பதால், கறுப்புக் கோட்டையும் வெற்று வெள்ளையையும் மட்டுமே நம்பி ஒரு மனிதனின் கோபத்தையும் குழைவையும் காட்ட வேண்டியிருந்தது. இன்று அட்டையின் இடத்தில் மின்பலகை வந்து, தவறிய கோட்டை ஒரு தட்டலில் அழித்துவிட முடிகிறது. ஆனால் முதற்கட்டத்தில் நிலைமையைச் சொல்லி, இரண்டாவதில் அதைத் திருப்பி, மூன்றாவதில் வாசகரின் புன்னகையை வாங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அப்படியேதான் இருக்கிறது. விடிந்தால் அடுத்தது வேண்டும் என்பதும் மாறவில்லை. ‘பீநட்ஸ்’ தொடரை 1950 முதல் 2000 வரை உதவியாளர் ஒருவரும் இன்றித் தம் கையாலேயே 17,897 நாட்களுக்கு வரைந்த சார்லஸ் ஷுல்ஸ், அந்த ஐம்பது ஆண்டுகளில் பேர் சொல்லும்படியாக எடுத்துக்கொண்ட விடுப்பு 1997-ல் ஐந்து வாரம். ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த பில் வாட்டர்சனோ பத்தே ஆண்டுகளில், புகழின் உச்சியில் இருந்தபோது, போதும் என்று பேனாவை வைத்துவிட்டார். இருவரில் எவரையும் குறை கூறத் தோன்றாத அளவுக்குக் கடினமானது அந்த வேலை.

நம் மொழியில் அதைச் சாதித்துக் காட்டிய உதாரணம் இருக்கிறது. ‘தினத்தந்தி’யில் 1960-ல் தொடங்கிய ‘கன்னித்தீவு’, ஆரம்ப காலத்தில் ஓவியர் கணுவின் கைவண்ணத்தில் வளர்ந்து, பிறகு வேறு கைகளுக்கு மாறி, இருபதாயிரம் நாட்களைத் தாண்டியும் முடிவு பெறாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதன் கதைப்போக்கைப் பரிகாசம் செய்யாத தமிழ் எழுத்தாளர் இல்லை. முடியாத காரியம் எதற்கும் அதன் பெயரையே உவமையாகச் சொல்லும் வழக்கமும் ஏற்பட்டுவிட்டது. இருந்தாலும், டீக்கடை பெஞ்சில் பத்திரிகையைப் பங்கு போட்டுப் படிக்கும் இடத்தில், தலைப்புச் செய்தித் தாள் யார் கைக்குப் போனாலும் அத்தொடரின் நாயகன் சிந்துபாத் வரும் தாளைச் சிறுவன் ஒருவன் முதலில் கேட்டு வாங்கிக்கொள்வதை இந்த ஊர்ச் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனையோ தலைமுறைகள் பார்த்திருக்கின்றன. தமிழ்ப் பள்ளிக்கூடம் எட்டாத தெருக்களிலும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆசையை அந்தச் சில கட்டங்கள் ஊட்டின என்றால் அது மிகையாகாது. அதே 1960-ல் தில்லியில் சித்திரக்காரர் பிரான் ‘மிலாப்’ பத்திரிகையில் ‘டபூ’ என்ற தொடரை ஆரம்பித்து, பிற்பாடு சாச்சா சௌத்ரியை உலவவிட்டார். இருவேறு மொழிகளில் ஒரே ஆண்டில் உள்ளூர்த் தொடர்கள் வேர் பிடித்தது, பத்திரிகை நடத்தியவர்கள் இடத்தையும் காலத்தையும் தாராளமாகக் கொடுத்ததன் பலன்.

பெங்களூரில் இதற்கு நேரான உதாரணம் மாயா காமத். ‘டெக்கான் ஹெரால்டு’ நிறுவனத்தின் மாலைப் பத்திரிகையான ‘ஈவினிங் ஹெரால்டு’ இதழில் 1985-ல் அவர் ‘கீதா’ என்ற குடும்பச் சித்திரத் தொடரை ஆரம்பித்தார். அரசியல் கேலிச்சித்திரம் என்பது ஆண்களின் ஏகபோகமாக இருந்த ஒரு காலத்தில், ஒரு பெண்மணி வீட்டு முற்றத்தின் வழியாக அத்துறைக்குள் பிரவேசித்தார் என்பது யோசிக்கத் தக்கது. சமையலறையிலும் கூடத்திலும் நிகழும் சிறு சச்சரவுகளை மூன்று கட்டத்துக்குள் நிறுத்திப் பழகிய அதே கைதான், பின்னர் நாட்டு நடப்பையும், தண்ணீர்ப் பஞ்சத்தையும், பெண்கள் படும் அவஸ்தைகளையும் பெரிய கார்ட்டூன்களாக வரைந்தது. 2001-ல், ஐம்பதே வயதில், அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான படங்கள், நம் எழுத்தாளர் அம்பை முன்னின்று நடத்திவரும் பெண்கள் ஆவணக் காப்பகமான ‘ஸ்பாரோ’வில் மும்பையில் பாதுகாக்கப்படுகின்றன, அவர் பெயரால் இங்குள்ள கழகம் பரிசுகள் வழங்குகிறது. பரிசு கொடுப்பது நல்ல காரியம். ஆனால் இன்று இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இன்னொரு ‘கீதா’வை வரைந்து எடுத்துக்கொண்டு போனால், ஒரு வருஷம் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லி மேஜை ஒன்றை ஒதுக்கிக் கொடுக்கும் பத்திராதிபர் இந்நகரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நிர்வாகத்தின் தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கச் சிண்டிகேட் நிறுவனம் ஒரே தொடரை ஆயிரக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்கிறது. ‘பீநட்ஸ்’ உச்சத்தில் இருந்தபோது சுமார் 2,600 பத்திரிகைகளில் வெளிவந்தது. சித்திரக்காரரின் ஊதியத்தை உலகத்துப் பத்திரிகைகள் எல்லாமாகப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொன்றின் பங்கும் அற்பமாகிவிடுகிறது. உள்ளூர்க்காரர் ஒருவரின் முழுச் சம்பளத்தையும் ஒரே பத்திரிகை சுமக்க வேண்டும் என்கிறபோது, கணக்குப்பிள்ளை முகம் சுளிப்பது இயற்கையே. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. எல்லாப் பத்திரிகைகளிலும் கிடைக்கிற பூனைக்காக எவரும் ஒரு குறிப்பிட்ட பத்திரிகையை வாங்குவதில்லை. இந்த ஊரில் மட்டும், இந்தப் பத்திரிகையில் மட்டும் கிடைக்கிற மனிதருக்காக வாங்குவார்கள் என்பதற்குக் ‘கன்னித்தீவு’ போதுமான அத்தாட்சி. செய்திகளெல்லாம் முந்தின இரவே கைப்பேசியில் வந்து சேர்ந்துவிடுகிற இந்நாளில், காலைப் பத்திரிகையிடம் மிஞ்சியிருக்கிற சொற்பமான பிரத்தியேகச் சரக்குகளில் இதுவும் ஒன்று.

சம்பளம் போதாமையால் நாம் இழந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘ஆனந்த விகட’னில் மாலியின் வழியில் வளர்ந்து, தஞ்சாவூர் மண்ணின் திருவிழாக்களையும் திண்ணைகளையும் கோடுகளாக மாற்றிய கோபுலு, 1960-களில் பத்திரிகை வேலையை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்று, பின்னர் சொந்த விளம்பர நிறுவனமும் நடத்தினார். வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்ட அந்த மகா கலைஞர் பத்திரிகைகளுக்கு வரைவதை அடியோடு நிறுத்திவிடவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். எனினும் அவருடைய நடுவயதின் பெரும்பகுதியை வாசகர்களோடு சரக்கு விற்பவர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். லக்ஷ்மணுங்கூட 1954-ல் ஒரு பெயிண்ட் கம்பெனிக்காகக் கட்டு என்ற குறும்புப் பையனை வரைந்து கொடுத்தார். இதில் இழிவு ஒன்றுமில்லை. சித்திரத்தின் அருமையைப் பத்திரிகைக்காரரைவிட வியாபாரி நன்றாக அறிந்து வைத்திருக்கிறார் என்பதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

சம்பளத்தோடு உரிமையும் சேர்ந்து வர வேண்டும். மலையாளத்தில் ‘போபனும் மோளியும்’ என்ற தொடரைப் பல்லாண்டுகள் ‘மலையாள மனோரமா’ வார இதழில் வரைந்த டாம்ஸ், ஓய்வு பெற்றபின் அதில் வரும் குழந்தைகளை வேறோர் இதழுக்கு அழைத்துச் செல்ல முயன்றபோது, பழைய நிறுவனம் அவர்கள் தன்னுடையவர்கள் என்று வழக்குத் தொடுத்தது. அப்பாத்திரங்களை அவர் வேலைக்குச் சேரும் முன்பே படைத்துவிட்டார் என்பதைக் கேரள உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, புதிதாக வரைய அவருக்குள்ள உரிமையை நிலைநிறுத்தியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பத்திரிகை ஊழியர் வரைந்த படத்தைப் பத்திரிகைகளில் பிரசுரிக்கும் உரிமையை மாத்திரம் முதலாளிக்குக் கொடுத்து, மற்ற உரிமைகளைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. புத்தகமாகவும் பொம்மையாகவும் திரைப்படமாகவும் ஒரு பாத்திரம் அவதாரம் எடுக்கும்போது அதன் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்று சட்டம் யோசித்திருக்கிறது. வேலைக்குச் சேரும் அன்று நீட்டப்படும் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் அந்த யோசனை அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது சித்திரக்காரரின் பொறுப்பு. உழைக்கும் பத்திரிகையாளர் என்பதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த விளக்கத்தில், உதவி ஆசிரியரோடும் நிருபரோடும் கார்ட்டூனிஸ்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தார் என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பது நலம். அவர் விருந்தாளியல்லர், வீட்டுக்காரர் என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டின் பாராளுமன்றம் கருதியது.

நாற்காலி இருந்தால் சுதந்திரம் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் முற்றிலும் அர்த்தமற்றதன்று. குந்தாபுரத்துக்காரரான சதீஷ் ஆச்சார்யா, சீனாவைப் பற்றிய ஒரு கார்ட்டூன் மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து தில்லி நாளிதழ் ஒன்றோடு தமக்கிருந்த தொடர்பு முறிந்ததை 2018-ல் பகிரங்கமாக அறிவித்தார். இன்று அவர் தம் வாசகர்களை இணையத்தின் வழியே நேராகச் சென்றடைகிறார். ஆனால் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பற்றிய அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் சினங்கொண்டபோது, சிறை சென்றவர் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன். படம் வரைந்தவரை முன்னே தள்ளாமல் பொறுப்பை அவர் தாமே ஏற்றுக்கொண்டார். மூன்று மாதத் தண்டனை விதிக்கப்பட்டும், எழுந்த கண்டனத்தால் சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார். 2017-ல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்த கொடுமையைப் பற்றி வரைந்ததற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைது செய்யப்பட்டபோது, எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாத அவர் சார்பில் முன்னால் வந்து நிற்க ஓர் ஆசிரியர் இருக்கவில்லை. தனித்து வரைபவருக்குச் சுதந்திரம் அதிகம் என்பது உண்மையே. ஆனால் வாசற்கதவு தட்டப்படும்போது அவர் தனித்தே அதைத் திறக்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் பெங்களூரில் அச்சாகும் நாளிதழ்கள், கன்னடமோ ஆங்கிலமோ தமிழோ, ஒவ்வொன்றும் இந்த ஊர் மனிதர்களைப் பற்றிய ஒரு சித்திரத் தொடரை ஆரம்பிக்க வேண்டும். வரைகிறவரை உதவி ஆசிரியருக்குச் சமமான சம்பளத்தில் அமர்த்தி, குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அவரிடம் பலன் கேட்காமல் இருக்க வேண்டும். வருஷத்தில் சில வாரங்கள் விடுப்புக் கொடுத்து, அந்த நாட்களில் அவருடைய பழைய படங்களையே மறுபிரசுரம் செய்ய வேண்டும். மூலப்படங்களை அவரிடமே திருப்பித் தர வேண்டும். தனியாக ஒரு சம்பளம் கட்டுப்படியாகாது என்று சொல்லும் சிறிய பத்திரிகைகள், அமெரிக்கர்கள் செய்தது போலவே நான்கைந்தாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பேச்சைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி எழுதிக்கொண்டால், சில்க் போர்டு நெரிசலில் அகப்பட்டவரின் முகத்தை எந்த மொழிக்காரரும் அடையாளம் கண்டுகொள்வார். மிட்ஃபோர்ட் கார்டன் கூடம் போன்ற ஸ்தாபனங்கள், பழையவர்களைப் போற்றுவதோடு, பத்திராதிபர்களையும் இளம் சித்திரக்காரர்களையும் ஒரே மேஜையில் அமரச் செய்து இத்தகைய ஒப்பந்தங்களுக்கு வழிகாட்டினால், அவற்றின் நோக்கம் முழுமையாக நிறைவேறும்.

படம் வரைய இப்போது யந்திரமே வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. யந்திரம் ஒரு படத்தை நொடியில் வரைந்து கொடுக்கலாம். ஆனால் நேற்று வீட்டுக்காரரோடு சண்டை போட்ட அதே குடித்தனக்காரம்மா இன்று காலை அவர் எதிரே வரும்போது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று தெரிவதற்கு, அவளுடைய தெருவில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு வாடகை கொடுக்க முடிகிற சம்பளத்தைத் தருவது தர்ம காரியமன்று. வாசகர்களிடமிருந்து நாள்தோறும் காசு வாங்கிக்கொள்ளும் பத்திரிகை, அந்த வாசகர்களின் முகத்தை அவர்களுக்கே காட்டுவதற்காகச் செய்ய வேண்டிய நியாயமான செலவு அது.